“கையெழுத்துப் போடமாட்டேன்!” அன்பா, வீம்பா?



இந்த மாதம் சற்று கசப்பான ஒரு காரியத்தைக் குறித்து எழுதும்படி உள்ளத்தில் பாரம் உண்டானது. பிரசங்க மேடையில் இதைத் தொட ஊழியர்கள் தயங்குகிறோம். ஆனால் காலை நேரத்தில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பால்கோவா வாங்கப் போகிறவர்கள் மட்டுமா அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்? மஞ்சள் பையில் கேஸ் கட்டை வைத்துக்கொண்டு வாய்தாவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே! அந்தக் கட்டுகளில் சில விவாகரத்து வழக்குகள். அவற்றிலும் சில, சபையார் முன்பாக வாக்குக்கொடுத்து, ஊழியர் ஜெபித்து இணைத்த குடும்பங்களுடையவை.

அதில் பெரிய வேதனை எது தெரியுமா? ஒருவர் பிரிய வேண்டும் என்கிறார். மற்றவர், “முடியவே முடியாது, நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்கிறார். இப்படி ஒருவர் ஒத்துக்கொள்ளாதபோது சபை யார் பக்கம் நிற்பது?

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? ‘முடியாது’ என்கிறவரைப் பரிசுத்தவான் என்கிறோம். ‘வேண்டும்’ என்கிறவரைப் பின்மாற்றக்காரர் என்கிறோம். ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிவிடுகிறோம். பிரியமானவர்களே, காரியம் அவ்வளவு சுலபமா?

ஒரே வார்த்தை, இரண்டு வீடுகள்

இரண்டு வீடுகளை உங்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. எந்த ஊரிலும் உள்ள வீடுகள்தான்.

முதல் வீடு சத்திரப்பட்டி பக்கம். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் குடும்பம். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். இப்போது அங்கிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறான், விவாகரத்து வேண்டுமாம். அந்தச் சகோதரி சொல்லுகிறாள்: “நான் கையெழுத்துப் போடமாட்டேன் பாஸ்டர். அந்த மனுஷன் மனந்திரும்பி வந்தா நான் கதவைத் திறப்பேன். எம்புள்ளைகளுக்கு அப்பா வேணும்.”

இரண்டாவது வீடு ராஜபாளையத்தில். மனைவி மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். சம்பளம் வாங்கினால் புருஷன் பிடுங்கிக்கொள்வான், குடிப்பான், அடிப்பான். உயிர் தப்பி அம்மா வீட்டுக்கு வந்து நாலு வருஷமாகிறது. அவள் விவாகரத்து கேட்கிறாள். அவன் சொல்லுகிறான்: “நான் கையெழுத்துப் போடமாட்டேன். நான் விட்டாத்தானே நீ நல்லா இருப்பே? கடைசி வரைக்கும் இப்படியே கிட.” ஊழியர் போய்ப் பேசினாலோ உடனே மத்தேயு 19:6-ஐ எடுத்துக் காட்டுகிறான்!

பாருங்கள், இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து, ‘இவர்கள் விவாகத்தைக் கனப்படுத்துகிறவர்கள்’ என்று நாம் சொல்ல முடியுமா?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

நம் ஜனங்களுக்குள் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மற்றவர் கையெழுத்துப் போடாவிட்டால் விவாகரத்தே கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்பது ஒரு வழி. அதற்குப் பரஸ்பர சம்மதம் என்று பெயர். அதில் தீர்ப்புக்கு முன் ஒருவர் பின்வாங்கினாலும் அந்த மனு நிற்காது. ஆனால் இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் மட்டும் மனுப்போட்டு, சட்டம் சொல்லுகிற ஒரு காரணத்தைச் சாட்சியோடு நிரூபித்தால், மற்றவர் சம்மதிக்காவிட்டாலும் நீதிமன்றம் விவாகத்தை ரத்து செய்யலாம்.

கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1869-ல் வந்தது. அந்தச் சட்டத்தில் புருஷனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம். மனைவி விபசாரம் செய்தாள் என்று புருஷன் நிரூபித்தால் போதும். மனைவியோ, புருஷன் விபசாரம் செய்தான் என்பதோடு, அவன் கொடுமைப்படுத்தினான் அல்லது இரண்டு வருஷம் கைவிட்டான் என்பது போல இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி தீர்ப்புக் கொடுத்தாலும் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். மதுரைக் கிளை வந்தது 2004-ல்தான். அதற்குமுன் ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்குக்குச் சென்னை வரை அலைச்சல்.

இரண்டு பேரும் மனமொத்துப் பிரிய நினைத்தாலும் அன்றைக்குக் கிறிஸ்தவர்களுக்கு வழியில்லை. ரெனால்ட் ராஜமணி வழக்கில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி இதைக் கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார்கள். சட்டத்தில் இல்லாததை நாங்கள் சேர்க்க முடியாது, அது பாராளுமன்றத்தின் வேலை என்று 1982-ல் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. 1995-ல் கேரள உயர்நீதிமன்றம், பெண்கள்மேல் மட்டும் வைத்த அந்தக் கூடுதல் பாரம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கடைசியாக 2001-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இன்றைக்குப் புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரே நியாயம். விபசாரம், இரண்டு வருஷமாவது கைவிட்டிருத்தல், சேர்ந்து வாழ்ந்தால் தீங்கு வரும் என்று நியாயமாகப் பயப்படும் அளவுக்குக் கொடுமை, இவை தனித்தனியே காரணமாகும். பரஸ்பர சம்மத வழியும், உயர்நீதிமன்ற உறுதி தேவையில்லை என்பதும் அந்தத் திருத்தத்திலேயே வந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். சபையோ ஊழியரோ எழுதிக்கொடுக்கிற கடிதத்தால் விவாகம் முறியாது. சபை நீதிமன்றம் கொடுத்த ரத்து, சட்டப்படி விவாகரத்து ஆகாது என்று 1996-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரியவர்கள் கூடி ஸ்டாம்பு பேப்பரில் எழுதித் தீர்த்துவிடுவதும் கிறிஸ்தவ விவாகத்துக்குச் செல்லாது. இந்து முறைப்படி விவாகமாகி, பிற்பாடு இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கோ அந்த விவாகம் நடந்த சட்டமே பொருந்தும். அந்தச் சட்டத்தில் மதம் மாறியதே விவாகரத்துக்கு ஒரு காரணம். நம் சபைகளில் இப்படிப்பட்ட சகோதரிகள் அநேகர் இருப்பதால் இதைச் சொல்லுகிறேன்.

இவ்வளவும் சட்டம். சட்டம் காரணத்தையும் சாட்சியையும் கேட்கும். இருதயத்தை ஆராய்கிறவர் கர்த்தர் ஒருவரே. நாம் வேதத்துக்குள் வருவோம்.

பரிசேயர் கேட்ட கேள்வி

விவாகரத்து என்றாலே நாம் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தைத் திறக்கிறோம். சரிதான். ஆனால் அங்கே கேள்வி கேட்டது யார்? பரிசேயர். என்ன கேட்டார்கள்? எந்தக் காரணம் கிடைத்தாலும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டார்கள். அந்த நாட்களில் தள்ளுதற்சீட்டை எழுதுகிற கை புருஷனுடைய கை. உபாகமம் 24-ஐ வாசித்துப் பாருங்கள். அவன் எழுதுகிறான், அவள் கையில் கொடுக்கிறான், வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறான். உனக்குச் சம்மதமா என்று அவளைக் கேட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஒத்துக்கொள்ளாத மனைவியின் கண்ணீருக்கு அந்த ஊரில் விலையே இல்லை.

யூதர்களுக்குள்ளேயே இது பிற்பாடு அவர்கள் மனச்சாட்சியைக் குத்தியது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் இருந்த கெர்ஷோம் என்ற ரபீயின் பெயரால் ஒரு கட்டளை ஏற்பட்டது. மனைவியின் சம்மதம் இல்லாமல் அவளைத் தள்ளிவிடக் கூடாது என்பதே அது. ஆனால் சீட்டை எழுதுகிற கை மாறவில்லையே! ஆகவே, தானும் வாழாமல் சீட்டையும் கொடுக்காமல் மனைவியைக் கட்டிவைக்கிற புருஷர்களால் யூதப் பெண்கள் இன்றைக்கும் தவிக்கிறார்கள். தள்ளுவதிலும் கொடுமை உண்டு, விடாமல் பிடித்து வைப்பதிலும் கொடுமை உண்டு.

ஆண்டவர் பரிசேயரிடம் ஆதியிலே நடந்ததை நினைப்பூட்டி, உங்கள் இருதயம் கடினப்பட்டதால்தான் அந்தச் சீட்டே வந்தது என்று கடிந்துகொண்டார். யாருக்காகப் பேசினார்? காரணமில்லாமல் வீதிக்குத் தள்ளப்படுகிற மனைவிக்காகப் பேசினார். அவளுக்குச் சுவராக நின்றார். ஆகையால் சத்திரப்பட்டிச் சகோதரி அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால் அது அவளுக்கு அடைக்கலம். ராஜபாளையத்துக் குடிகாரன் அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டாலோ? ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஆண்டவர் கட்டின சுவரை, அவன் ஒரு பெண்ணை அடைத்துவைக்கிற சிறைச்சுவராக்குகிறான். இது எவ்வளவு பெரிய துரோகம்!

மல்கியா 2:16-ஐயும் அப்படித்தான் பாதியாக வெட்டுகிறோம். தள்ளிவிடுதல் கர்த்தருக்கு அருவருப்பு என்கிற முதல் பாதி எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனம் கொடுமையைத் தன் வஸ்திரத்தின்மேல் போர்த்திக்கொள்ளுகிறவனைப் பற்றியும் பேசுகிறதே, அதை எத்தனை பேர் வாசித்தோம்? மனைவிக்குத் துரோகம் பண்ணாதே என்பதுதான் அந்தப் பகுதி முழுவதும் அடிக்கிற மணி. துரோகம் வீட்டைவிட்டு ஓடிப்போகிறவன் மட்டும் செய்கிற காரியமா? வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்கிறவன் இல்லையா?

பவுல் கேட்கிற சம்மதம்

ஒருவர் ஒத்துக்கொள்ளாத விவாகத்தைப் பற்றி வேதத்தில் நேரடியாக எங்கே இருக்கிறது? 1 கொரிந்தியர் 7-ல் இருக்கிறது. ஒருவர் விசுவாசி, மற்றவர் அவிசுவாசி. என்ன செய்வது என்று கொரிந்து சபை கேட்டது. பவுல் முதலில், நீயாகத் தள்ளிவிடாதே என்கிறார். ஆனால் எப்போது? மற்றவர் கூடி வாழச் சம்மதிக்கும்போது (12, 13 வசனங்கள்). பிரிந்தே போவேன் என்று ஒருவர் போய்விட்டால், அவரை இழுத்துக் கட்டிவைக்கும் பாரத்தை விசுவாசியின் தோளில் பவுல் ஏற்றவில்லை. இதில் நீ அடிமை இல்லை, தேவன் உன்னைச் சமாதானத்துக்கு அழைத்தார் என்று ஆறுதல் சொல்லுகிறார் (15-ஆம் வசனம்).

இங்கே ஒரு சத்தியத்தைக் கவனியுங்கள். பவுல் கேட்கிற சம்மதம் எது? ஒரு காகிதத்தைப் பிடித்துவைத்திருக்கிற சம்மதமா? இல்லை. ஒன்றாய் வாசம்பண்ணுகிற சம்மதம். ராஜபாளையத்துப் புருஷனைக் கேட்போம்: “தம்பி, பிரியச் சம்மதமில்லை என்கிறாய், சரி. புருஷனாக வாழச் சம்மதமா? குடியை விடச் சம்மதமா? அவள் சம்பளத்தில் கை வைக்காமல் இருக்கச் சம்மதமா? நாலு வருஷமாகப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு என்னவென்று கேட்டாயா?” எல்லாவற்றுக்கும் தலைகுனிந்தால், அவன் விவாகத்தைக் காக்கவில்லை. வாழவும் மாட்டான், விடவும் மாட்டான். பேரேட்டில் இருக்கிற தன் பெயரை மட்டும் காக்கிறான்.

விலையைக் கொடுப்பது யார்?

அப்படியானால் அன்புக்கும் வீம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? ஓசியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். மனைவி விட்டுப் போனாள். அவன் விடமாட்டேன் என்றான். ஆனால் அவன் மறுப்புக்கு விலை கொடுத்தது யார்? அவனே! ஓசியா 3:2-ன்படி 15 வெள்ளிக்காசையும், ஒன்றரைக் கலம் வாற்கோதுமையையும் தன் கையிலிருந்து எண்ணிக் கொடுத்து அவளை மீட்டான். அவமானத்தையும் தானே சுமந்தான். அடித்து இழுத்து வரவில்லை.

இதுதான் அளவுகோல். உன் ‘முடியாது’ என்ற வார்த்தைக்கு விலை கொடுப்பது நீயா, மற்றவரா? அன்பு மறுக்கும்போது தன் கையிலிருந்து செலவு பண்ணும். காத்திருக்கும், மன்னிக்கும், தன்னைத் திருத்திக்கொள்ளும், கதவைத் திறந்து வைக்கும். வீம்பு மறுக்கும்போது மற்றவர் தலையில் செலவை எழுதும். அவளுடைய வயசு போகும், பயம் போகாது, வாய்தாவுக்கு வாய்தா அவள் கூலி போகும். இவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

உலக நீதிமன்றமும் இந்த ‘முடியாது’ என்ற வார்த்தையை நிறுத்துப் பார்க்கிறது. 2023 மே 1-ஆம் தேதி, ஷில்பா சைலேஷ் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு விவாகம் மீளமுடியாதபடி முறிந்துபோயிருந்தால், ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் உச்சநீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தால் அதை முடித்துவைக்கலாம் என்றார்கள். அதோடு, இது யாரும் உரிமையாகக் கேட்டு வாங்குகிற காரியம் அல்ல என்றும் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு அந்த விசேஷ அதிகாரம் இல்லை.

அதே வருஷம் அக்டோபரில் அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு. புருஷனுக்கு வயது 89, விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவிக்கு வயது 82. விவாகம் நடந்தது 1963-ல். 1984-ல் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது மனைவி உடன் போகவில்லை, அதிலிருந்தே பிரிவு. அவர் கேட்டார், விவாகம் செத்துப்போய் நாற்பது வருஷமாகிறதே, முடித்துவைக்கக் கூடாதா என்று. அந்த வயதான அம்மாவோ, விவாகரத்தானவள் என்ற பெயரோடு நான் சாக விரும்பவில்லை, இந்த வயதிலும் அவரைக் கவனித்துக்கொள்ள நான் ஆயத்தம் என்றார்கள். நீதிமன்றம் அந்தத் தாயின் மனதை மதித்து விவாகரத்தை மறுத்துவிட்டது.

மே மாதத்தில் ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் முடிக்கலாம் என்றவர்கள், அக்டோபரில் ஒருவர் சம்மதிக்காததால் முடிக்கமாட்டோம் என்கிறார்களே, இது முரண்பாடா? அல்ல என்றே நினைக்கிறேன். ‘முடியாது’ என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த அம்மாவின் மறுப்புக்குப் பின்னால், நோயாளியான புருஷனைக் கவனிக்க ஆயத்தமான இரண்டு கைகள் இருந்தன. ஆனாலும் அந்தப் பெரியவருக்கும் ஒரு பாரம் இருந்திருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது. எந்தத் தீர்ப்பிலும் ஒருவர் அழுதுகொண்டுதான் படியிறங்குகிறார்.

தேவபிள்ளையே, உனக்கு ஒரு வார்த்தை

பிரிய வேண்டும் என்று கேட்கிறவரே, உங்கள் காரணத்தைக் கர்த்தருடைய சமுகத்தில் வையுங்கள். மனம் சலித்துப்போனது, வேறொரு முகம் பிடித்துப்போனது, மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, இவையெல்லாம் காரணமானால், உங்களை இன்னும் நேசித்து ‘முடியாது’ என்கிற அந்த ஜீவன் உங்களுக்குத் தேவன் வைத்த தடுப்பு. தாண்டிப் போகாதிருங்கள்.

மறுக்கிறவரே, இன்று ராத்திரி முழங்காலில் நின்று உங்களையே கேளுங்கள்: நான் விவாகத்தை நேசிக்கிறேனா, ஜெயிப்பதை நேசிக்கிறேனா? எனக்கு அவள் வேண்டுமா, அவள் தோற்க வேண்டுமா? முந்தினது என்றால் இன்றே உங்களைத் திருத்தத் தொடங்குங்கள், நாளைக்கு வாய்தாவில் வக்கீல் பேசுவதற்கு முன்பு உங்கள் ஜீவியம் பேசட்டும். பிந்தினது என்றால், கையை விடுங்கள். இறுக மூடின கையில் கர்த்தர் எந்த நன்மையையும் வைக்கிறதில்லை.

அடிபடுகிற சகோதரியே, சிலுவை சுமப்பதும் அடி வாங்குவதும் ஒன்றல்ல. பாதுகாப்பான இடத்துக்குப் போவது பாவமல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு வக்கீலை இலவசமாக வைத்துக்கொடுக்கச் சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். விவாகரத்து வேண்டாம் என்கிறவர்கள் நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழ மட்டும் உத்தரவு வாங்கலாம். ஜீவனாம்சம் கேட்பதும் அவிசுவாசம் அல்ல, அது பிள்ளைகளின் பங்கு.

காத்திருக்கிற சகோதரியே, உன் காத்திருப்பு கர்த்தருக்குப் பிரியமான பலி. ஆனால் பலி என்பது மனப்பூர்வமாய்ச் செலுத்துவது. சபை உன் கழுத்தில் அதைக் கட்டக் கூடாது. விபசாரம் செய்து போனவனைக் குறித்து ஆண்டவரே ஒரு விதிவிலக்கு சொல்லியிருக்கிறார் (மத்தேயு 19:9). ஒருநாள் உன் பெலன் போதாமல், இனி முடியாது என்று நீ சொன்னாலும், அதற்காக உன்னைக் கல்லெறிய எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

சபையாரே, கடைசியாக உங்களுக்கு. தன் சம்மதமில்லாமலே விவாகரத்து செய்யப்பட்டவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போடவில்லை, நீதிமன்றம் போட்டுவிட்டது. அவர்களைத் திருவிருந்தில் தள்ளி உட்காரவைப்பதும், கல்யாண வீட்டில் முன்னுக்கு வரவிடாமல் ஒதுக்குவதும், பாடல் குழுவிலிருந்து பெயரை நீக்குவதும் நியாயமா? செய்யாத பாவத்துக்குத் தண்டனையா? இனி யாராவது ‘கையெழுத்துப் போடமாட்டேன்’ என்று நம்மிடம் வந்தால், உடனே தோளில் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அன்பாகக் கேட்போம்: “ஏன் போடமாட்டீங்க? அதுக்கு யார் விலை கொடுக்கிறாங்க?” அந்தப் பதில் வரும் வரைக்கும் பொறுமையாய்க் காதுகொடுப்பதும் ஒரு ஊழியமே.

உடைந்த குடும்பங்களைக் கட்டவும், கட்டமுடியாத இடத்தில் காயங்களைக் கட்டவும் வல்ல நம் ஆண்டவர் உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.